பிறப்பால் குற்றவாளி, பிறப்பால் நிரபராதி: சிறை யாரைத் திருத்தியது?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்துக்குப் பேசப் போயிருந்தோம். சிறைச் சீர்திருத்தம்தான் தலைப்பு. விசாரணைக் கைதிகள், ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள், மனு பார்க்கப் பேருந்துக் காசில்லாமல் வீட்டிலேயே அழும் தாய்மார்கள் என்று வழக்கமாகப் பேசுவதைப் பேசினோம். சிறை மனிதரைத் திருத்தும் இடமாக இருக்க வேண்டும், வதைக்கும் இடமாக இருக்கக் கூடாது என்று முடித்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "தோழர், மேலவளவுல பஸ்ஸை மறிச்சு வெட்டினவங்களையும் திருத்தி வெளியே விடணும்னு சொல்றீங்களா?"

அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ சமாளித்துவிட்டு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. கொடுங்குற்றம் செய்தவரைத் தண்டிப்பதா, திருத்துவதா என்ற கேள்வி சட்டக் கல்லூரியில் தேர்வுக்கு வரும் வினா. நம்மைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. இந்தச் சமூகத்தில் கூண்டுக்குள் அடைக்கப்படுபவர்களும் நாம்தான், வெட்டுப்பட்டு நீதி கேட்டு நிற்பவர்களும் நாம்தான். ஒரே சேரியில் ஒரு வீட்டில் மகன் பொய் வழக்கில் உள்ளே இருப்பான். அடுத்த வீட்டில் மகனைக் கொன்றவன் வெளியே திரிவான். இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற பதில் வேண்டும். அதற்கு முதலில் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

மநுவும் மெக்காலேயும்

இந்த மண்ணில் தண்டனை எப்போதுமே குற்றத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டதில்லை. மநுஸ்மிருதி வகுத்த தண்டனைமுறையில் ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. மேல் வருணத்தாரைத் திட்டிய சூத்திரனுக்கு நாக்கை அறுக்கச் சொல்கிறது. பார்ப்பனன் எந்தக் குற்றம் செய்தாலும் கொல்லக் கூடாது, சொத்தோடு ஊரைவிட்டு அனுப்பினால் போதும் என்கிறது. அவனுக்கு மரண தண்டனைக்கு ஈடு தலைமயிரை மழிப்பது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூலைக் கொளுத்தியபோது, இந்தத் தண்டனைக் கணக்கும் சேர்ந்துதான் எரிந்தது.

ஏதோ பழைய ஏட்டில் எழுதியிருந்த கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1775இல் கல்கத்தாவில் நந்தகுமார் என்ற பார்ப்பனர் தூக்கிலிடப்பட்டபோது அது பெரும் அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகும், 1795இல் காசிப் பகுதிக்குப் போட்ட ஒழுங்குமுறையில் பார்ப்பனர்களுக்கு மரண தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது அதே கம்பெனி. அந்தச் சலுகை 1817 வரை நீடித்தது. துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த வெள்ளைக்காரனே வருணத்தைத் தொடப் பயந்தான்.

1836இல் மெக்காலேயின் முன்முயற்சியில் சிறை ஒழுங்குக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1838இல் அறிக்கை கொடுத்தது. இன்றைய இந்தியச் சிறையின் அடித்தளம் அதுதான். 'தண்டிப்பதா, திருத்துவதா' என்ற கேள்விக்கு அந்தக் குழு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னது: தண்டிப்பது. கல்வி, நீதிபோதனை, நன்னடத்தைக்குப் பரிசு போன்றவற்றை அது ஏற்கவில்லை. சலிப்பூட்டும் கடும் வேலையும், வெளியே இருப்பவரை அச்சுறுத்தும் வாழ்க்கையும்தான் சிறை என்றது. பின்னர் வந்த 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம், சாதி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று எழுதியது. மநுவின் கணக்கைக் காகிதத்திலாவது உடைத்த அந்தச் சட்டத்தின் மதிப்பை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு எழுதும் மேசையில் இருந்து துரத்தப்பட்ட சாதி, சிறையின் சமையற்கட்டு வழியாக உள்ளே வந்தது.

சிறைக்குள் சமைப்பது யார், கழுவுவது யார்

1840களில் வங்காள மாகாணச் சிறைகளில் கைதிகள் தனித்தனியே சமைத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, பொதுச் சமையல் கொண்டுவர முயன்றார்கள். பீகார் சிறைகளில் கலகம் வெடித்தது. வேறு சாதிக்காரன் சமைத்ததைத் தின்றால் சாதி போய்விடும் என்பது கலகக்காரர்களின் வாதம். 1855இல் கைதிகளிடமிருந்து பித்தளைச் சொம்பைப் பறித்து மண்பாத்திரம் கொடுத்தபோது ஆரா, முசாபர்பூர் சிறைகளில் மறுபடி கலகம். வரலாற்று நூல்களில் இவை காலனிய எதிர்ப்பின் கதைகளாக வருகின்றன. காலனியச் சிறையின் கொடுமைக்கு எதிரான கோபம் அதில் இருந்தது உண்மை. ஆனால் சமூகவியல் படித்த நமக்கு அதற்குள் இன்னொன்றும் தெரிய வேண்டும். கலகத்தின் கோரிக்கை சாதியைக் காப்பாற்றுவது. அரசு இறங்கி வந்தது. அந்தச் சமரசத்தின் தடம் பின்னர் வந்த சிறைக் கையேடுகளில் அப்படியே பதிந்தது.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் கீழும் அதற்குப் பிறகும் எழுதப்பட்ட மாநிலக் கையேடுகளைப் பாருங்கள். ராஜஸ்தானில் சமையற்காரராகப் பார்ப்பனர் அல்லது போதிய உயர்சாதி இந்து. மேற்கு வங்கத்தில் துப்புரவுக்கு மேத்தர், ஹரி சாதிக் கைதிகள். உத்தரப் பிரதேசத்தில் வெறுங்காவல் கைதியை இழிவான வேலைக்கு விடக் கூடாது, அப்படிப்பட்ட வேலைக்குப் 'பழகிய' சமூகத்தவராக இருந்தாலொழிய. இந்த விதிகள் சுதந்திரம் வந்து, அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, எழுபது ஆண்டுகள் கழிந்த பின்பும் அரசாங்கப் புத்தகத்தில் அச்சிலேயே இருந்தன.

கொஞ்சம் யோசியுங்கள். ஒரே அறையில் இரண்டு கொலைக் கைதிகள். ஒருவருக்குச் சமையற்கட்டு, இன்னொருவருக்குக் கக்கூஸ். இருவரும் செய்த குற்றம் ஒன்று, பெற்ற தண்டனை ஒன்று. ஆனால் ஒருவருக்கு மட்டும் பிறந்ததற்கான தண்டனை கூடுதலாக. இதில் யாரை எங்கே திருத்துவது? வெளியே சாதி கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் உள்ளேயும் கற்றுக்கொடுத்தார்கள்.

'சீர்திருத்தம்' என்ற பெயரில் ஒரு கூண்டு

தண்டனைவாதம்தான் கொடியது, சீர்திருத்தவாதம் எப்போதும் நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. சீர்திருத்தம் என்ற சொல்லை வைத்துக்கொண்டே இந்த நாட்டின் மிகப் பெரிய கூண்டுகளில் ஒன்றைக் கட்டினார்கள்.

1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோலத் திருடன் மகன் திருடன்தான் ஆவான் என்ற சாதித் தர்க்கம் அதன் அடியில் இருந்தது. 1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். குறவர் முதலிய சமூகங்களைக் குடியமர்வுகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். சில குடியமர்வுகளை இரட்சணிய சேனை போன்ற மத அமைப்புகள் நடத்தின. அதற்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம்: இவர்களைத் திருத்துகிறோம்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். தென்மாவட்டங்களில் அந்தச் சமூகத்தோடு நமக்குத் தீராத கணக்குகள் இருக்கின்றன, அவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று ஒரு தோழர் கேட்கலாம். பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது என்பது நம் அடிப்படைக் கொள்கை. அது யாருக்கு நடந்தாலும் நாம் எதிர்ப்போம். நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பொருந்தினால் அது கொள்கை இல்லை.

1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இல் போனது. ஆனால் ரத்தான சூட்டோடு 1948இல் இங்கே 'வழக்கமான குற்றவாளிகள்' மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. முத்திரை அழியவில்லை, பெயர் மாறியது. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் யாரைத் தூக்கிவந்து அடிக்க வேண்டும் என்று காவல்துறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய பட்டியல் அவர்கள் மண்டைக்குள் இருந்தது.

நிரபராதியாகவே பிறந்தவர்கள்

பிறவிக் குற்றவாளி இருந்தால், பிறவி நிரபராதியும் இருக்கத்தானே வேண்டும்?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்டதற்கான பதில் அது. அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களுக்குப் பத்தாண்டுச் சிறை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலமும் அந்தஸ்தும் உள்ள பண்ணையார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது.

இந்தத் தர்க்கத்தை ரேகைச் சட்டத்தோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒரு சமூகத்தில் பிறந்தவன் திருடாவிட்டாலும் திருடன். இன்னொரு இடத்தில் பிறந்தவன் தீ வைத்தாலும் தீ வைத்திருக்க மாட்டான். இரண்டுமே பிறப்பை வைத்துச் சொன்ன தீர்ப்பு. முதலாமவருக்குத் தேவையில்லாத 'திருத்தம்' திணிக்கப்பட்டது. இரண்டாமவர் திருந்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வெண்மணியின் கணக்கு நீதிமன்றத்தில் தீரவில்லை. 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் கொண்டாடுகிறவர்களின் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் அரிவாள் பேசும் நிலைமை யாருக்கும் வெற்றி இல்லை. அந்த அரிவாளைத் தூக்கும் கை பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையுடையது, அதன்பின் சிறைக்குப் போவதும் அவன்தான்.

சட்டத்துக்குள் வந்த 'திருத்தம்'

சிறையின் நோக்கம் திருத்துவதும்தான் என்று அரசு முதன்முதலாக ஒப்புக்கொண்டது 1919-20இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழுவில். 1925ஆம் ஆண்டின் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் மூலம் இளங்குற்றவாளிகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துப் பயிற்சி தரும் முறையைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் நீதிபதி முல்லா குழு 1983இல் விரிவான அறிக்கை கொடுத்தது. 1977இல் முகமது கியாசுதீன் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், குற்றவாளியை மீட்டெடுப்பதே தண்டனையின் நோக்கம் என்ற கருத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதினார். 1998இல் உச்ச நீதிமன்றம், கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்றது.

எதிர்த்திசையிலும் நகர்வு இருந்தது. ஆயுள் கைதி குறைந்தது பதினான்கு ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்ந்தது. 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில், தூக்குக்குப் பதிலாகத் தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்ட சிறை என்ற புது வகையை உச்ச நீதிமன்றம் உருவாக்கியது.

திருத்தம் சாத்தியம் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 19 வயதில் கைதாகித் தூக்குமேடை நிழலில் ஆண்டுக்கணக்கில் இருந்த பேரறிவாளன், உள்ளே படித்துப் பட்டங்கள் வாங்கி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவருடைய தாய் அற்புதம்மாள் முப்பது ஆண்டுகள் நடந்தார். நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு அப்படி நடக்க ஒரு நாள் கூலியை விட முடியும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எண்களைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்றப் பதிவேட்டின்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சட்டப்படி இவர்களைத் தண்டிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஆனாலும் உள்ளே இருக்கிறார்கள். மொத்தக் கைதிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 16.6 சதவீதம். 'தண்டிப்பதா, திருத்துவதா' என்று நீதிமான்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டுமே கிடைக்காமல் வெறுமனே அடைபட்டுக் கிடப்பவர்களே மிகப் பெரிய கூட்டம்.

பாளையங்கோட்டை

நமக்குப் பக்கத்தில் உள்ள உதாரணத்துக்கு வருவோம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் கைதிகளை வைத்திருந்தார்கள். சாதி மோதலைத் தடுக்கத்தான் என்றது நிர்வாகம். 2014இல் இதை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றமும் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது. மோதல் நின்றதா? 2021 ஏப்ரலில் அதே சிறைக்கு மாற்றப்பட்ட தலித் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறையில் சாதிவாரியாக வேலை பிரிப்பதும் அடைப்பதும் அரசமைப்புக்கு எதிரானது. பதிவேடுகளில் சாதிக் கட்டம் நீக்கப்பட வேண்டும். சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் குறிக்கும் விதிகள் செல்லாது. மூன்று மாதத்தில் கையேடுகளை மாற்ற வேண்டும். பாளையங்கோட்டைப் பிரிவினையையும் நீதிமன்றம் குறிப்பிட்டு, ஒழுங்கைக் காக்கச் சாதிப் பிரிப்பு காரணமாகாது என்றது. 1855இல் சொம்புக்காக ஏற்பட்ட சமரசத்தை உடைக்கக் கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தீர்ப்பைப் படித்துவிட்டுக் கைதட்டினால் போதாது. உங்கள் மாவட்டச் சிறையில் கழிவறையை இன்று யார் கழுவுகிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

மேலவளவுக் கேள்வி

இப்போது அந்த மாணவியின் கேள்வி.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கு நடுவே தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்டோரையும் வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008இல் மூன்று பேர் வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2019 நவம்பரில் 13 பேர் வெளியே வந்தார்கள். காரணம் நன்னடத்தை. செத்தவர்களின் குடும்பங்களுக்குச் செய்தி தொலைக்காட்சி வழியாகத்தான் போனது போல இருந்தது அன்றைய நிலைமை. உயர் நீதிமன்றம் தலையிட்டு, வழக்கு முடியும்வரை அவர்கள் ஊருக்குள் போகக் கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது.

2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 பேர் விடுவிக்கப்பட்டு, மாலையும் இனிப்புமாக வரவேற்கப்பட்டதையும் பார்த்தோம். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பியது.

இந்த இரண்டு விடுதலையிலும் எங்களுக்கு இருக்கும் எதிர்ப்பு, கொலைக் கைதியை விடுவித்தார்களே என்பதல்ல. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி வரும் அரசாணைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் குடும்பங்களையும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கதவை மூடச் சொன்னால் முதலில் நம் முகத்தில்தான் அறையும். எங்கள் கேள்வி வேறு: எந்த அளவுகோலில் இவர்கள் திருந்தியதாக முடிவு செய்தீர்கள்?

சிறையில் நன்னடத்தை என்றால் என்ன? வார்டரை எதிர்த்துப் பேசாமல் இருப்பது, கொடுத்த வேலையைச் செய்வது, பரோலில் போனால் நேரத்துக்குத் திரும்புவது. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காமல் தலையை வெட்டியவருக்கு இதெல்லாம் சிரமமே இல்லை. அவர் சட்டம் ஒழுங்கில் நம்பிக்கை இல்லாதவர் இல்லையே. சாதியின் சட்டம் ஒழுங்கைக் காப்பாற்றத்தான் வெட்டினார். குடித்துவிட்டுத் தகராறில் குத்தியவர் திருந்துவது என்றால் குடியையும் கோபத்தையும் விடுவது. சாதிக்காக வெட்டியவர் திருந்துவது என்றால் சாதியை விடுவது. சாதிவாரியாக அடைத்துவைத்த சிறையில், சாதிச் சங்கத்தார் மனு பார்க்க வந்து தெம்பு சொல்லும் இடத்தில், வெளியே மாலையோடு ஆட்கள் காத்திருக்க, அவர் சாதியை விட்டாரா என்று யாரும் கேட்டதில்லை.

தூக்குக் கயிறு

அப்படியானால் தூக்கில் போட்டுவிடுவதே தீர்வா? 2016 மார்ச்சில் உடுமலையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஒருவருக்கொருவர் அழைத்துச் சொல்லிக்கொண்டோம். மறைக்கவில்லை. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தண்டனையைக் குறைந்தது 25 ஆண்டுகள் கழிக்க வேண்டிய ஆயுள் சிறையாகக் குறைத்தது, பெண்ணின் தந்தையை விடுதலை செய்தது. அந்த விடுதலை இன்றும் வலிக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேரின் தூக்கு ரத்தானது பற்றி இப்போது யோசிக்கும்போது எங்களுக்கு வருத்தம் இல்லை.

ஏனென்றால் கயிறு யார் கழுத்தைத் தேடும் என்று தெரியும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வு, தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளையும் மதச் சிறுபான்மையையும் சேர்ந்தவர்கள் என்று காட்டியது. பெரும்பாலோர் ஏழைகள். 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், மரண தண்டனையையே ஒழித்துவிடுவதைத் தான் ஆதரிப்பதாகச் சொன்னார். ஒடுக்குமுறையை அவரைவிட அறிந்தவர் யார்?

நாம் கேட்க வேண்டியது

முதலாவது, வன்கொடுமை வழக்குகளில் விடுதலைக்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்க வேண்டும். இது நாம் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, ஜாமீன், விடுதலை, பரோல், தண்டனை தொடர்பான நடவடிக்கைகளில் கேட்கப்படும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கிறது. இதை ஒவ்வொரு சேரியிலும் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, சாதிக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குத் திருத்தம் என்றால் என்ன என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். செய்ததை ஒப்புக்கொள்வது, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஈடு செய்வது, வெளியே வந்தபின் சாதிச் சங்க மேடை ஏறாமல் இருப்பது, அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு உறுதிப்படுவது. இவை நிறைவேறினால் அவரும் வெளியே வரட்டும். நாங்கள் வழிமறிக்க மாட்டோம்.

மூன்றாவது, குற்றம் நிரூபிக்கப்படாமல் உள்ளே கிடக்கும் நம் பிள்ளைகள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கணக்கெடுங்கள். நிபந்தனைகளோடு அந்தப் பெயரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோங்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் இதில் கைகொடுக்கலாம்.

அந்த மாணவிக்கு இன்று நாங்கள் சொல்லும் பதில் இதுதான். பிறப்பு ஒருவரின் தலையெழுத்து அல்ல என்பதே நம் போராட்டத்தின் அடிப்படை. பிறந்தபடியேதான் மனிதன் கிடப்பான் என்று மநு சொன்னான், ரேகைச் சட்டம் சொன்னது, வெண்மணித் தீர்ப்பும் வேறு வழியில் அதையே சொன்னது. மனிதன் மாறுவான் என்று சொல்பவர்கள் நாம். மேலவளவில் வெட்டியவர்களும் மாற முடியும் என்று நாம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நாமும் மநுவின் பக்கம் போய் நிற்போம். ஆனால் மாறினார்களா என்று முடிவு செய்யும் மேசையில் முருகேசனின் குடும்பத்துக்கும் ஒரு நாற்காலி வேண்டும். ஊராட்சித் தலைவரின் நாற்காலியை மறுத்ததில்தான் அந்தக் கொலையே தொடங்கியது.